பேசச் சொல்வதற்கு முன்: கறுப்பின விடுதலைப் பள்ளிகள் நமக்குச் சொல்வது என்ன?

1964 ஜூலை 8 அன்று, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள மெக்கோம்ப் நகரில், குடிமை உரிமைப் போராளிகள் தங்கியிருந்த வீட்டில் குண்டு வெடித்தது. கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய வந்தவர்களை விரட்ட வெள்ளை ஆதிக்கவாதிகள் வைத்த குண்டு. அதே ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஒரு 'விடுதலைப் பள்ளி' தொடங்க வேண்டியிருந்தது. இடம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. கொடுத்தால் அடுத்த குண்டு தங்கள் மீதுதான் என்று தேவாலயத்தினர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. அந்தக் கோடையில் மட்டும் மிசிசிப்பியில் முப்பதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் எரிக்கப்பட்டன அல்லது குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டன. எனவே குண்டு வெடித்த வீட்டின் புல்தரையிலேயே வகுப்பு தொடங்கியது.

அந்தப் புல்தரையில் உட்கார்ந்திருந்த பதின்வயது மாணவி ஒருத்தி ஒரு கவிதை எழுதினாள். குண்டு வைத்தவர்களை அவள் கேள்வி கேட்கவில்லை. பயந்து ஒதுங்கி நின்ற தன் சொந்த மக்களைக் கேட்டாள். கேட்ட பெரியவர்கள் வெட்கப்பட்டார்கள். ஒரு தேவாலயம் கதவைத் திறந்தது. பள்ளிக்குக் கூரை கிடைத்தது.

பள்ளிகளில் நிகழ்த்துக் கவிதை சொல்லிக்கொடுக்க வேண்டும், அதன் வழியாகச் சமூக நீதியைப் பேச வேண்டும் என்று ஆர்வம் கொள்ளும் இளம் தோழர்களுக்காக இந்த வரலாற்றை எழுதுகிறோம். 'ஸ்போக்கன் வேர்ட்' என்று இன்று உலகெங்கும் அழைக்கப்படும் இந்த வடிவத்தை ஏதோ நகரத்து ஆங்கிலக் கல்லூரிகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதன் வேரில் ஒடுக்கப்பட்ட மக்களின் போராட்டம் இருக்கிறது. அதேபோல, ஒலிவாங்கியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டாலே விடுதலை வந்துவிடும் என்றும் நம்பிவிட வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன வேலை இருக்கிறது என்பதை அந்த வரலாறே சொல்கிறது.

கறுப்பின மக்களின் வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. 1873இல் 'குலாம்கிரி' நூலை வெளியிட்ட ஜோதிராவ் புலே, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்திருந்த மனுவின் படியைக் கேட்டார். டு பாய்ஸ் பதிலும் எழுதினார். 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார் முதலிய கவிஞர்கள் சேர்ந்து தொடங்கிய இயக்கத்துக்குக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைத் தழுவியே 'தலித் பாந்தர்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடரும் உரையாடல் இது. இப்போது அவர்களுடைய பள்ளிக்கூடங்களைப் பார்ப்போம்.

கேள்வி கேட்கக் கூடாத ஊரில் ஒரு பள்ளி

நிறப் பாகுபாட்டோடு தனித்தனிப் பள்ளிகள் நடத்துவது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. பத்தாண்டுகள் கழித்தும் மிசிசிப்பியில் தீர்ப்பு தாளில்தான் இருந்தது. வெள்ளைப் பிள்ளைக்குச் செய்த செலவில் ஒரு சிறு பங்கே கறுப்புப் பிள்ளைக்குச் செலவிடப்பட்டது. டெல்டா பகுதியில் பருத்தி எடுக்கும் காலம் வந்தால் கறுப்பினப் பள்ளிகளை மூடிப் பிள்ளைகளை வயலுக்கு அனுப்பினார்கள். 1962இல் அந்த மாநிலத்தில் வாக்குரிமை வயதை எட்டிய கறுப்பின மக்களில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் 6.7 சதவீதம் மட்டுமே.

இந்தச் சூழலில், எஸ்.என்.சி.சி. என்ற மாணவர் அமைப்பின் களப்பணியாளர் சார்லி காப் 1963இன் இறுதியில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். காப் கவிதையும் எழுதுபவர். கறுப்பின மாணவர்களின் பள்ளிகள் கட்டுப்பாட்டையும் கீழ்ப்படிதலையும்தான் கற்பிக்கின்றன, கேள்வி கேட்பதை அங்கே யாரும் அனுமதிப்பதில்லை என்பது அவருடைய கணிப்பு. அடுத்த கோடையில் வாக்காளர் பதிவுக்காக வடமாநிலங்களிலிருந்து நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் வரப்போகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினரைக் கொண்டு மாற்றுப் பள்ளி நடத்தலாம் என்றார். ஆயிரம் மாணவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். சிறு பிள்ளைகளுக்குப் பக்கத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதியவர்களும் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பள்ளிக்காகச் சிந்தப்பட்ட ரத்தத்தையும் சொல்ல வேண்டும். நெஷோபா வட்டாரத்தின் மவுண்ட் சயான் தேவாலயம் விடுதலைப் பள்ளிக்கு இடம் தர ஒப்புக்கொண்டிருந்தது. பள்ளி தொடங்கும் முன்பே அந்தத் தேவாலயம் எரிக்கப்பட்டது. எரிந்த இடத்தைப் பார்க்கப் போன ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூவரும் ஜூன் 21 அன்று கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 4ஆம் தேதிதான் உடல்கள் கிடைத்தன. இடையில் கடந்த அந்த ஆறு வாரங்களில் பிள்ளைகள் வகுப்புக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

பாடத்திட்டம் எப்படி இருந்தது? அதன் நடுவே சில கேள்விகள் இருந்தன. நாம் ஏன் இந்தப் பள்ளிக்கு வந்திருக்கிறோம்? ஆதிக்கம் செலுத்துகிறவர்களிடம் இருப்பவற்றில் நமக்கு எவை வேண்டும், எவை வேண்டாம்? நம்மிடம் இருப்பவற்றில் எதை விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும்? இந்தக் கேள்விகளை அப்படியே ஒரு சேரிப் பிள்ளையின் முன் வைத்துப் பாருங்கள். ஊர்க்காரரிடம் இருப்பதில் நிலமும் படிப்பும் நமக்கு வேண்டும். சாதித் திமிர் வேண்டாம். நம்மிடம் இருப்பதில் உழைப்பும் பறையும் பகிர்ந்துண்ணும் பழக்கமும் நம்மோடு இருக்க வேண்டும். இப்படி ஒரு உரையாடல் நடந்த பிறகு அந்தப் பிள்ளை எழுதினால் எப்படி எழுதும்?

மிசிசிப்பியில் அப்படித்தான் எழுதினார்கள். பள்ளிதோறும் மாணவர்களே செய்தித்தாள் தயாரித்தார்கள். ஹாட்டிஸ்பர்க் அருகே பால்மர்ஸ் கிராசிங் மாணவர்கள் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எடுத்துக்கொண்டு, தங்களுடைய பிரகடனத்தைத் தாங்களே எழுதினார்கள். ஆகஸ்டில் மெரிடியனில் பிரதிநிதிகள் கூடி, பள்ளி, வீடு, வேலை, வாக்குரிமை பற்றிய கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றினார்கள். அவர்களுடைய கவிதைகளை எஸ்.என்.சி.சி. 1965இல் தொகுப்பாக வெளியிட்டபோது முன்னுரை எழுதியவர் பெருங்கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வரலாறு கற்பித்தார்கள், கேள்வி கேட்டார்கள், கோரிக்கை எழுதினார்கள், வாக்காளர் பதிவுக்கு வீடு வீடாகப் போனார்கள். கவிதை இவற்றின் நடுவே பிறந்தது. மெக்கோம்ப் மாணவியின் கவிதைக்குத் தேவாலயக் கதவு திறந்ததென்றால், அந்தக் கவிதைக்குப் பின்னால் ஒரு இயக்கம் நின்றது. கேட்டவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடியாத நிலை இருந்தது.

யாருடைய மொழியில்?

மிசிசிப்பிக் கோடைக்குச் சில ஆண்டுகளுக்குப் பின், நியூயார்க்கின் புரூக்ளினில் இன்னொரு வகுப்பு நடந்தது. ஹார்லெமில் பிறந்த கறுப்பினக் கவிஞர் ஜூன் ஜோர்டனும் ஆசிரியர் டெரி புஷ்ஷும் கறுப்பின, போர்ட்டோ ரிக்கப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பட்டறை நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகளின் எழுத்துகள் 1970இல் 'தி வாய்ஸ் ஆஃப் தி சில்ட்ரன்' என்ற நூலாக வந்தன. தேர்வுக்குத் தேறாதவர்கள் என்று பள்ளி எழுதிவைத்திருக்கும் பிள்ளைகளையும் கவிஞர்களாக நடத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த நூல் சாட்சி.

ஜூன் ஜோர்டன் பிறகு பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1980களில் நடந்த ஒரு வகுப்பைப் பற்றி அவர் எழுதியிருப்பதை ஒவ்வொரு ஆசிரியரும் படிக்க வேண்டும். ஆலிஸ் வாக்கரின் 'தி கலர் பர்ப்பிள்' நாவலைப் படிக்கக் கொடுத்தார். அது கறுப்பின மக்களின் பேச்சு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. வகுப்பில் பெரும்பாலோர் கறுப்பின மாணவர்கள். தங்கள் வீட்டு மொழியைத் தாளில் பார்த்ததும் அவர்களே முகம் சுளித்தார்கள். இது என்ன மொழி, இப்படியா பேசுவது என்றார்கள். அதே வரிகளைப் 'பாடப்புத்தக' ஆங்கிலத்துக்கு மாற்றச் சொன்னார் ஜோர்டன். மாற்றிப் படித்தபோது வகுப்பே சிரித்தது. உயிர் போன வரிகளாக அவை நின்றன. அதன் பிறகு தங்கள் மொழியின் இலக்கணத்தையே அவர்கள் ஆராயத் தொடங்கினார்கள்.

அந்த நாட்களிலேயே வகுப்பு மாணவர் ஒருவரின் சகோதரரைக் காவல்துறையினர் சுட்டுக்கொன்றார்கள். மாணவர்கள் பத்திரிகைகளுக்கு எழுத முடிவு செய்தார்கள். எந்த ஆங்கிலத்தில் எழுதுவது? தங்கள் மொழியில் எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கொன்றவர்களின் மொழியில் எழுதினால் இறந்தவருக்கே துரோகமாகும் என்றும் தோன்றியது. விவாதித்து, தங்கள் மொழியிலேயே தொடங்குவது என்று முடிவெடுத்தார்கள். எந்தப் பத்திரிகையும் வெளியிடவில்லை.

இந்தக் கதைக்கு வெற்றி முடிவு கிடையாது. அதனால்தான் சொல்கிறோம். நம் பள்ளிகளிலும் கவிதை என்றதும் பிள்ளை தன் வாயைக் கழற்றி வைத்துவிட்டு மேடைத் தமிழை மாட்டிக்கொள்கிறது. சேரியில் பேசும் தமிழைக் 'கொச்சை' என்று அதன் மனதில் எழுதியவர்கள் நாம் வருவதற்கு முன்பே வந்துபோய்விட்டார்கள். "உன் மொழியிலேயே எழுது" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கூச்சம் போகாது. அந்த மொழி ஏன் தாழ்ந்ததாக்கப்பட்டது என்ற வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த மொழியில் பேசினால் என்ன விலை கொடுக்க நேரிடும் என்பதையும் மறைக்காமல் விவாதிக்க வேண்டும். முடிவைப் பிள்ளைகள் எடுக்கட்டும்.

1991இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 'மக்களுக்கான கவிதை' என்ற திட்டத்தை ஜோர்டன் தொடங்கினார். அங்கே பயின்ற மாணவர்களே அடுத்தவர்களுக்கு ஆசிரியர்களானார்கள். உயர்நிலைப் பள்ளிக்கும் சிறைக்கும் தேவாலயத்துக்கும் போய்க் கற்பித்தார்கள். பல நிறத்தவரும் கலந்த வகுப்பு என்பதால் முதலிலேயே விதிகளை எழுதிவைத்தார்கள். 'மக்கள்' என்ற சொல் எவரையும் விலக்குவதாக இருக்கக் கூடாது. ஒருவரையொருவர் நம்பக்கூடிய ஒரு கூட்டத்தைத் திட்டமிட்டுக் கட்ட வேண்டும் என்பது அவற்றின் சாரம். உண்மையைச் சொல்லும் கலைக்கு, உண்மையைத் தாங்கும் கூட்டம் முதலில் தேவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மேடையும் மதிப்பெண்ணும்

இன்று நாம் காணொளிகளில் பார்க்கும் 'ஸ்லாம்' வடிவம் சிகாகோவில் பிறந்தது. கட்டடத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித் என்ற கவிஞர், 1986 முதல் க்ரீன் மில் என்ற மதுக்கூடத்தில் வாரந்தோறும் இதை நடத்தினார். படித்தவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்த கவிதையை உழைக்கும் மக்களிடம் கொண்டுவருவது அவர் நோக்கம். பார்வையாளர்களிலிருந்தே ஐந்து நடுவர்கள். பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண். பேராசிரியரின் கையிலிருந்த அதிகாரத்தைப் பிடுங்கிக் கூட்டத்தின் கையில் கொடுக்கும் கேலியாகத்தான் அந்த மதிப்பெண் தொடங்கியது.

1996இல் சான் பிரான்சிஸ்கோவில் 'யூத் ஸ்பீக்ஸ்' அமைப்பு இந்த வடிவத்தைப் பதின்வயதினரிடம் கொண்டுசென்றது. 2001இல் சிகாகோவில் 'லவுடர் தேன் எ பாம்' விழா தொடங்கியது. அந்த நகரத்தின் நிலையைத் தெரிந்துகொண்டால்தான் அதன் பொருள் புரியும். 1992இல் சிகாகோ ஒரு சட்டம் இயற்றியது. கும்பலைச் சேர்ந்தவர் என்று போலீஸ் சந்தேகிக்கும் ஒருவரோடு தெருவில் கூடிநின்றால் கலைந்துபோகச் சொல்லலாம், போகாவிட்டால் கைது. மூன்றாண்டுகளில் 89,000 முறை கலைந்துபோகும்படி உத்தரவிட்டார்கள். 42,000க்கும் அதிகமானோரைக் கைது செய்தார்கள். சிக்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். 1999இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. கூடிநின்றாலே குற்றம் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள், நகரத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பள்ளிவாரியாக அணி அணியாக வந்து ஒரே அரங்கில் கூடி, ஒருவர் கதையை ஒருவர் கேட்டார்கள். அந்தக் கூடலே ஒரு அரசியல்.

ஆனால் வடிவம் பரவப் பரவ, கேலியாகத் தொடங்கிய மதிப்பெண் உண்மையான மதிப்பெண் ஆகிவிடும் ஆபத்தும் கூடவே வந்தது. மூன்று நிமிடத்தில் அரங்கை உலுக்க வேண்டும் என்றால், பிள்ளை தன் ஆழமான காயத்தைத்தான் எடுத்துவரும். எந்தக் காயத்துக்கு ஒன்பது புள்ளி, எந்தக் காயத்துக்கு ஏழு? அடுத்த சுற்றுக்கு இன்னும் பெரிய காயம் வேண்டுமா? கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாங்கள் நல்லவர்கள் என்ற நிம்மதியோடு கிளம்பிவிடுகிறார்கள். 2021இல், பாலியல் அத்துமீறல் புகாரை உரிய முறையில் கையாளவில்லை என்பதற்காக, சிகாகோ விழாவை நடத்திய அமைப்பின் தலைமைப் பொறுப்பாளர்களே நீக்கப்பட்டார்கள். பிள்ளைகளை வாய் திறக்கச் சொல்லும் அமைப்புக்கு, அவர்கள் புகார் சொன்னால் கேட்கும் காதும் இருக்க வேண்டும் என்ற பாடம் அது.

நம் வகுப்பறை

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர், பள்ளியில் தான் துன்புறுத்தப்படுவதைச் சொன்னார். ஆசிரியர்களுக்குத் தெரிந்தது. அதன் பிறகு இரவில் அவர் வீட்டுக்குள் புகுந்து அவரையும் தங்கையையும் வெட்டியவர்கள் சக மாணவர்கள். அந்தப் பிள்ளைக்குப் பேசத் தெரியாமல் இல்லை. பேசியவரைக் காக்கும் ஏற்பாடுதான் பள்ளியில் இல்லை.

அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கட்டக் கூடாது என்பன போன்ற பரிந்துரைகள் அதில் உள்ளன. அவற்றை நடைமுறைப்படுத்தப் போராட வேண்டியது நம் கடமை. கயிற்றை அறுத்துவிடலாம். கயிறு கட்டிய கைக்குள் இருக்கும் வெறியைப் பேசித்தான் வெளியே கொண்டுவர முடியும். அந்த இடத்தில்தான் கவிதைக்கு வேலை இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் இலக்கிய மன்றங்கள் உண்டு. 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. வாசல் இருக்கிறது. எப்படி நுழைவது என்பதே கேள்வி.

மிசிசிப்பிக்கும் நமக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. விடுதலைப் பள்ளியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கறுப்பின மக்கள். நம் அரசுப் பள்ளியில் சேரிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். மாலையில் ஒரே பேருந்தில் திரும்புகிறார்கள். எனவே முதல் நாளே பொது வகுப்பில் "உன் சாதி அனுபவத்தை எழுதிப் படி" என்று தலித் பிள்ளையிடம் கேட்பது கொடுமை. அது அந்தப் பிள்ளையின் சாதியை ஊரறிய அறிவிப்பதாகத்தான் முடியும். நம் பிள்ளைகளுக்குத் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி இடம் முதலில் வேண்டும். இரவுப் பாடசாலைகளும் அம்பேத்கர் மன்றங்களும் அதற்கு ஏற்ற இடங்கள். பள்ளியில் எழுத்துப் பணியை மறுபக்கத்திலிருந்து தொடங்கலாம். உன் வீட்டில் யாருக்குத் தனி டம்ளர்? யார் வந்தால் திண்ணையோடு நிறுத்துகிறார்கள்? அதை உனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது யார்? ஆதிக்கச் சாதிப் பிள்ளை இதற்குப் பதில் எழுதட்டும். காயத்தைக் காட்டும் பொறுப்பை எப்போதும் காயப்பட்டவர் தலையிலேயே கட்ட வேண்டாம்.

இன்னொன்று. மிசிசிப்பிக்கு வந்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் வடக்கிலிருந்து வந்த வெள்ளை மாணவர்கள். கோடை முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். ஊர்க்காரர்கள் அங்கேயே இருந்தார்கள். தாக்குதலையும் அவர்களே தாங்கினார்கள். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ இரண்டு நாள் பட்டறைக்குப் போகும் நமக்கும் இது பொருந்தும். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளைக்குப் பிரச்சினை வந்தால் யாரிடம் சொல்லும்? எந்த ஆசிரியர் நிற்பார்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தெரிந்த எந்த வழக்கறிஞர் தொலைபேசியை எடுப்பார்? இந்தப் பெயர்கள் கையில் இல்லாமல் பட்டறைக்குத் தேதி குறிக்காதீர்கள்.

இதற்கெல்லாம் அமெரிக்காவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஜோதிராவும் சாவித்ரிபாயும் நடத்திய பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தாபாய், 1855இல் 'ஞானோதயா' இதழில் மாங், மகார் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதினாள். வேதம் உங்களுடையது என்றால் எங்களுக்கு எந்த மதம் என்று பார்ப்பனர்களைக் கேட்டாள். மிசிசிப்பிப் பள்ளிகளுக்கு நூறாண்டுகளுக்கும் முந்தைய குரல் அது. அவளுக்குப் பேசும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சாணியும் கல்லும் வீசப்பட்டும் பள்ளியை மூடாமல் நின்ற ஆசிரியரைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

தோழர்களே, அடுத்த கல்வியாண்டில் ஒரு பள்ளிக்குள் நீங்கள் நுழையும்போது, என்ன கவிதை சொல்லிக்கொடுப்பது என்பதைக் கடைசியில் யோசியுங்கள். அந்தப் பிள்ளை பேசிய மறுநாளும் அதே ஊரில் இருக்கப்போகிறவர்களைத் தேடுவதில் தொடங்குங்கள். ஒரு ஆசிரியர், ஒரு தாய், ஒரு மன்றம் கிடைத்தால் போதும், வகுப்பைத் தொடங்கலாம்.